முதலில் ஏறுகிறவர்கள்

2023-ம் வருஷம் டிசம்பர் மாதத்தில் ஒரு நாள் காலை, சிங்கப்பூர்த் துறைமுகக் கட்டடத்தில் நாங்கள் எட்டுப் பேர் நின்றுகொண்டிருந்தோம். என் தம்பி அந்த ஊரில் உத்தியோகம் பார்க்கிறான். அம்மாவுக்கு எழுபத்தைந்து வயது நெருங்குகிறதே என்று, எல்லோரையும் நான்கு நாள் உல்லாசக் கப்பலில் அழைத்துப்போக ஏற்பாடு செய்திருந்தான். அம்மாவுக்கும், அவனுக்கும், அவன் மனைவிக்கும், குழந்தைக்கும் மேல் தளத்தில் பால்கனி வைத்த பெரிய ஸூட். எனக்கும் என் மனைவி மக்களுக்கும் கீழே ஜன்னலில்லாத சாதாரண அறை. எங்கள் செலவை நானே கொடுப்பேன் என்று நான் பிடிவாதம் பிடித்ததன் பலன் அது. எழுத்தாளனுடைய சுயமரியாதைக்குக் கப்பலில் ஜன்னல் கிடைப்பதில்லை.

கண்ணாடிக் கதவைத் தாண்டியதும் பாதை இரண்டாகப் பிரிந்தது. இடது பக்கம் 'பிரயாரிட்டி' என்று பலகை, கீழே கம்பளம், அதன்மேல் நாலு பேர்கூட இல்லை. வலது பக்கம் கயிறு கட்டி, பாம்பு வளைந்தாற்போல் வளைத்து விட்டிருந்த வரிசையில் ஐந்நூறு பேராவது இருப்பார்கள். தம்பி எங்கள் எல்லோரையும் இடது பக்கம் அழைத்துக்கொண்டு போனான். மேஜைக்குப் பின்னால் நின்ற பெண் சீட்டுகளை வாங்கிப் பார்த்தாள். மிக மரியாதையாகப் புன்னகை செய்தாள்.

"இந்த நால்வரும் இப்படி வரலாம். அந்த நால்வருக்கும் அந்த வரிசை."

"எல்லோரும் ஒரே குடும்பம்" என்றான் தம்பி.

"குடும்பம் ஒன்றுதான். அறை வேறு" என்றாள் அவள்.

அந்தப் பெண்மீது எனக்குக் கோபமில்லை. கம்பெனி சொல்லிக் கொடுத்ததை அவள் சொன்னாள். ஆனால் அந்த வாக்கியம் மனத்தில் முள்ளாகத் தைத்துக்கொண்டது. சலுகை என்பது மனிதனுக்கா, அவன் படுக்கிற கட்டிலுக்கா? இந்த வழக்கம் எங்கே, எப்போது பிறந்தது? ஊர் திரும்பிய பிறகு கப்பல்களின் சரித்திரத்தைத் தேடித் தேடிப் படித்தேன்.

படித்ததில் முதலில் கிடைத்தது ஒரு வேடிக்கை. கப்பலில் முதலில் ஏறுவது பெரிய மனிதர்களின் உரிமை என்று இன்று நினைக்கிறோம். நூறு வருஷத்துக்கு முன்னால் விஷயம் தலைகீழாக இருந்தது. முதலில் ஏற்றப்பட்டவன் ஏழை. பணக்காரன் கடைசியில் வந்தான்.

எல்லோருக்கும் தெரிந்த டைடானிக் கப்பலையே எடுத்துக்கொள்வோம். 1912 ஏப்ரல் 10-ம் தேதி நடுப்பகலில் அது ஸௌதாம்ப்டனை விட்டுக் கிளம்பிற்று. மூன்றாம் வகுப்புப் பிரயாணிகளுக்கான ரயில் லண்டன் வாட்டர்லூ நிலையத்திலிருந்து காலையிலேயே புறப்பட்டு, ஒன்பதரை மணி சுமாருக்குத் துறைமுகத்தில் அவர்களைக் கொண்டுவந்து இறக்கிவிட்டது. வைத்தியர்கள் கண்ணையும் தலையையும் பார்த்தார்கள், காகிதங்களைச் சரிபார்த்தார்கள், கப்பலின் முன்கோடியிலும் பின்கோடியிலும் இருந்த கீழ்த்தள அறைகளுக்கு அனுப்பினார்கள். முதல் வகுப்புக்காரர்களின் ரயில் பதினொன்றரை மணிக்குத்தான் வந்து சேர்ந்தது. சாவகாசமாகக் காலை ஆகாரம் முடித்துக்கொண்டு, கப்பல் ஊதுவதற்கு அரை மணி முன்னால் அவர்கள் வந்து ஏறினார்கள். அந்தக் காலத்தில் அந்தஸ்து என்றால் காத்திருக்க வேண்டாம் என்று அர்த்தம். கூலியை முன்னால் வரச்சொல்லி, எஜமானர் பின்னால் வருகிற நம் ஊர் வழக்கமேதான்.

அன்று மாலையே பிரான்ஸ் தேசத்துச் செர்பூர் துறைமுகத்தில் கப்பல் நின்றது. கரைவரைக்கும் வர அங்கே ஆழம் போதாது. ஆகவே பிரயாணிகளைச் சிறு கப்பல்களில் கொண்டுபோய் ஏற்றவேண்டும். அதற்கென்றே இரண்டு சிறு கப்பல்களைக் கட்டியிருந்தார்கள். 'நொமாடிக்' முதல் இரண்டாம் வகுப்பாருக்கு. 'டிராஃபிக்' மூன்றாம் வகுப்பாருக்கும் தபால் மூட்டைகளுக்கும். அரைமணி நேரப் படகுச் சவாரிக்குக்கூடச் சேர்ந்து உட்காரக் கூடாது என்று எவ்வளவு சிரத்தை! நொமாடிக் இன்னும் இருக்கிறது. பெல்ஃபாஸ்ட் நகரத்தில் அதைப் பழுதுபார்த்துக் காட்சிப் பொருளாக வைத்திருக்கிறார்கள்.

இந்தப் பிரிவினைக்கெல்லாம் கம்பெனிகளின் கர்வம் மட்டும் காரணமல்ல. அமெரிக்கச் சட்டமும் ஒரு காரணம். குடியேற வருகிற ஏழைகளோடு தொத்து நோயும் வந்துவிடும் என்று பயந்த சர்க்கார், அவர்களை மற்றப் பிரயாணிகளிடமிருந்து கப்பலிலேயே பிரித்து வைக்கவேண்டும் என்றது. நியூயார்க் துறைமுகத்தில் எல்லிஸ் தீவு என்று ஒரு தீவு. 1892 ஜனவரி 1-ம் தேதி அங்கே குடியேறுவோர் நிலையம் திறந்தார்கள். முதலாவதாகப் பதிவு செய்யப்பட்டவள் ஆனி மூர் என்ற ஐரிஷ் பெண். இரண்டு தம்பிகளைக் கையில் பிடித்துக்கொண்டு, முன்பே அமெரிக்கா போய்விட்ட தாய் தகப்பனைத் தேடி வந்தவள். அவளுக்குப் பத்து டாலர் தங்க நாணயம் ஒன்றைப் பரிசாகக் கொடுத்தார்கள். அதற்குப் பின் வந்த ஒரு கோடியே இருபது லட்சம் பேருக்குத் தங்க நாணயம் எதுவும் கிடைக்கவில்லை.

முதல் வகுப்பிலும் இரண்டாம் வகுப்பிலும் வந்தவர்கள் அந்தத் தீவை மிதிக்க வேண்டியதில்லை. உத்தியோகஸ்தர்கள் கப்பலுக்கே வந்து, அவர்கள் அறையில் இருக்கும்போதே இரண்டு கேள்வி கேட்டுவிட்டு, நகரத்துக்குள் போக விட்டுவிடுவார்கள். மூன்றாம் வகுப்பார் மட்டும் படகில் தீவுக்குப் போய், மாடிப்படி ஏறி, வைத்தியர்கள் முன்னால் வரிசையாக நடக்கவேண்டும். பொத்தான் மாட்டுகிற கொக்கியால் கண்ணிமையை மடக்கிப் பார்ப்பார்கள். டிரக்கோமா என்ற கண்வியாதி இருந்தால் கோட்டின்மேல் சாக்கட்டியால் ஓர் எழுத்து. அந்த எழுத்து விழுந்த பாட்டியோ குழந்தையோ வந்த கப்பலிலேயே திரும்பவேண்டி வரலாம். கூடத் திரும்புகிறவர் யார், உள்ளே போகிறவர் யார் என்று அந்தக் கூடத்தில் நின்றே குடும்பங்கள் தீர்மானித்தன.

இதைத் தெரிந்துகொண்ட சிலர் ஓர் உபாயம் செய்தார்கள். வீட்டில் இருமுகிற கிழவிக்கோ, கண் சிவந்த பெண்ணுக்கோ மட்டும் இரண்டாம் வகுப்பு டிக்கட் வாங்குவது. மற்றவர்கள் எல்லோரும் கீழ்த்தளத்தில் வருவது. கடல் முழுவதும் பிரிந்து வந்தால் கரையில் சேர்ந்து இருக்கலாம். அந்தக் கிழவிக்குக் கிடைத்த வெள்ளைத் தலையணை உறையும் சூப்பும் எப்படி ருசித்திருக்கும் என்று நான் யோசித்துப் பார்ப்பதுண்டு.

எழுத்தாளர் ராபர்ட் லூயி ஸ்டீவன்ஸன் இந்த வித்தியாசத்தைக் கணக்குப் பண்ணியே பார்த்துவிட்டார். 1879-ல் கிளாஸ்கோவிலிருந்து நியூயார்க்குக்கு 'டெவோனியா' என்ற கப்பலில் போனார். கீழ் வகுப்புக்கு ஆறு கினி. இரண்டாம் வகுப்புக்கு எட்டு. எழுதுவதற்கு ஒரு மேஜை கிடைக்குமே என்று இரண்டு கினி அதிகம் கொடுத்தார். பார்த்தால், இரண்டாம் வகுப்பு என்பது கீழ் வகுப்பின் நடுவிலேயே பலகை அடித்துத் தடுத்த ஓர் இடம். இந்தப் பக்கத்து இருமல் அந்தப் பக்கம் கேட்கும். தேநீர், காப்பி இரண்டில் எது வேண்டும் என்று கேட்பார்கள். இரண்டும் ஒரே ருசியாக இருந்ததாம். அவர் எழுதிய புஸ்தகம் அச்சுக்குப் போன பிறகு, பையன் கீழ்ச்சாதி ஜனங்களோடு கப்பலில் போனதை ஊரறியச் சொல்வானேன் என்று தகப்பனாரும் நண்பர்களும் சங்கடப்பட்டு நிறுத்திவிட்டார்கள். 1894-ல் ஸ்டீவன்ஸன் காலமான பிறகுதான் அது வெளிவந்தது.

மறுபடியும் டைடானிக்குக்கு வருகிறேன். அதில் மாண்ட்ரியலைச் சேர்ந்த ஆலிஸன் என்ற பணக்காரக் குடும்பம் ஒன்று பிரயாணம் செய்தது. கணவன், மனைவி, இரண்டு வயதுப் பெண் லொரெய்ன், கைக்குழந்தை டிரெவர். இவர்களும், குழந்தையின் தாதியும், அம்மாளுடைய பணிப்பெண்ணும் முதல் வகுப்பில். சமையற்காரியும் மோட்டார் டிரைவரும் இரண்டாம் வகுப்பில். ஒரே வீடு, இரண்டு வகுப்பு. விபத்து நடந்த இரவு, தாதி கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய் 11-ம் நம்பர்ப் படகில் ஏறிவிட்டாள். அதே படகில் சமையற்காரியும் இருந்தாள். குழந்தை பத்திரமாக இருக்கிறது என்ற செய்தி பெற்றோருக்கு எட்டவேயில்லை என்றும், அவனைத் தேடிக்கொண்டே கப்பலில் நின்றுவிட்டார்கள் என்றும் சொல்லப்படுகிறது. தகப்பனும் தாயும் லொரெய்னும் இறந்துபோனார்கள். டிரைவரும் இறந்தான்.

படகுகள் இருந்த மேல் தளத்துக்கு மூன்றாம் வகுப்பிலிருந்து நேர்வழி கிடையாது. ஜான் ஹார்ட் என்ற ஸ்டூவர்ட் பெண்களையும் குழந்தைகளையும் இரண்டு கூட்டமாகச் சேர்த்துக்கொண்டு, தாழ்வாரங்களிலும் படிகளிலும் சுற்றிச் சுற்றி அழைத்துப்போய் ஏற்றினார். அவரைப்போல் இன்னும் பத்துப்பேர் இருந்திருந்தால் என்று தோன்றுகிறது. முதல் வகுப்பில் 144 ஸ்திரீகள். 140 பேர் பிழைத்தார்கள். மூன்றாம் வகுப்பில் 165 பேர், பிழைத்தவர்கள் 76. பிரிட்டிஷ் விசாரணைக்குத் தலைமை வகித்த மெர்ஸி பிரபு, மூன்றாம் வகுப்பாருக்கு அநீதி எதுவும் நடக்கவில்லை என்று தீர்ப்புச் சொன்னார். மூன்றாம் வகுப்புப் பிரயாணி ஒருவரைக்கூட அந்த விசாரணையில் சாட்சியாகக் கூப்பிடவில்லை.

நம் கடலுக்கு வருவோம். சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று ஏறக்குறைய அரை நூற்றாண்டு போய் வந்துகொண்டிருந்த 'ரஜுலா' கப்பலை அறியாத பழைய தஞ்சாவூர் ஜில்லாக் குடும்பம் இராது. 1926-ல் கட்டி, 1973 வரைக்கும் அந்தப் பெயரோடு ஓடிற்று. மேலே கொஞ்சம் காபின்கள், மற்றதெல்லாம் டெக். புதிதில் ஐயாயிரத்துக்கு மேற்பட்ட டெக் பிரயாணிகளை ஏற்ற அதற்கு அனுமதி இருந்ததென்றால் நெருக்கத்தை ஊகித்துக் கொள்ளலாம்.

அம்மா 1957-ல், எட்டு வயதில், அந்தக் கப்பலில் போனவள். பாட்டனார் பினாங்கில் கடைக்கணக்குப் பார்த்தார். அவரிடம் சேர்ப்பதற்காகப் பாட்டியையும் மூன்று குழந்தைகளையும் தாய்மாமன் அழைத்துப்போனார். மாமாவுக்கு முதலாளி காபினில் டிக்கட் எடுத்துக் கொடுத்திருந்தார். பாட்டிக்கும் குழந்தைகளுக்கும் டெக்தான். நாகப்பட்டினத்தில் கப்பல் கரைக்கு வராது, நடுக்கடலில் நிற்கும். டெக் ஜனங்களைப் பொழுது விடிந்ததிலிருந்து அம்மை ஊசிச் சீட்டைப் பார்த்துப் பார்த்துப் படகில் ஏற்றி அனுப்பினார்களாம். காபின்காரர்கள் வெயில் தாழ்ந்து வந்தார்களாம். அங்கேயும் ஸௌதாம்ப்டன் கதைதான்!

"டிரங்குப் பெட்டியைச் சுற்றி வச்சு, நடுவிலே பாயைப் போட்டா அதுதான் வீடு. மாமா மேலேயிருந்து ரொட்டியும் ஜாமும் ஜேபியிலே ஒளிச்சுக் கொண்டு வருவார். நான் ஒருநாள் அவர் ரூமைப் பார்க்கணும்னு படியேறிப் போயிட்டேன். சங்கிலி போட்டு வச்சிருந்தான். வெள்ளைச் சட்டைக்காரன் ஒருத்தன் 'போ, போ'ன்னு விரட்டிட்டான். அப்புறம் மாமா ராத்திரியெல்லாம் எங்ககூடவே டெக்கிலே படுத்துண்டார். காலையிலே பல் தேய்க்க மட்டும் மேலே போவார்" என்று அம்மா சொல்வாள்.

கீழே இருப்பவன் மேலே வரக்கூடாது. மேலே இருப்பவன் வேண்டுமானால் கீழே போகலாம். உலகத்துக் கப்பல்களில் பெரும்பாலும் இதுதான் விதியாக இருந்திருக்கிறது. உறவைக் காப்பாற்ற நினைத்தவர்கள் அந்த ஒரு வழியைத்தான் உபயோகித்தார்கள்.

உல்லாசக் கப்பல் பிரயாணத்தை ஒரு வியாபாரமாக ஆக்கியவர் ஆல்பர்ட் பாலின் என்ற ஜெர்மானியர். ஏழைக் குடியேறிகளை ஏற்றிப் பணம் சம்பாதித்த ஹாம்பர்க் கம்பெனிக்காரர். குளிர்காலத்தில் அட்லாண்டிக் கப்பல்கள் காலியாகக் கிடக்கின்றனவே என்று 1891-ல் ஒரு கப்பலைப் பணக்காரர்களோடு மத்தியதரைக் கடலுக்கு அனுப்பினார். தாமும் கூடப் போனார். உல்லாசத்துக்கென்றே அவர் கட்டிய 'பிரின்ஸெஸின் விக்டோரியா லூயிஸெ' 1901-ல் ஓடத் தொடங்கிற்று. அதில் எல்லாம் முதல் வகுப்பு. ஏழையே இல்லாததால் அவனைத் தடுக்கக் கதவும் வேண்டியிருக்கவில்லை.

1924-ல் அமெரிக்கா குடியேற்றத்தைச் சட்டம் போட்டுக் குறுக்கிவிட்டது. கீழ்த்தளங்கள் காலியாயின. கம்பெனிகள் அவற்றுக்குச் சுண்ணாம்பு அடித்து, மெத்தை போட்டு, 'டூரிஸ்ட்' என்று புதுப்பெயர் சூட்டி, வாத்தியார்களையும் மாணவர்களையும் கூப்பிட்டன. 1958-ல் ஜெட் விமானங்கள் அட்லாண்டிக்கைக் கடக்க ஆரம்பித்ததும் கப்பல்களின் பாடு திண்டாட்டமாயிற்று. அடுத்த வருஷம் டச்சுக்காரர்கள் 'ராட்டர்டாம்' என்ற கப்பலைக் கடலில் விட்டார்கள். அதிலுள்ள பிரதான மாடிப்படி ஓர் அபூர்வம். ஒரே கூண்டுக்குள் இரண்டு படிக்கட்டுகள் பின்னிக்கொண்டு போகும். ஒன்றில் ஏறுகிறவன் மற்றொன்றில் இறங்குகிறவனைச் சந்திக்கமாட்டான். ஒன்று முதல் வகுப்பு, மற்றது டூரிஸ்ட். உல்லாசப் பிரயாணக் காலத்தில் தடுப்புகளை நகர்த்திவிட்டால் இரண்டு படிகளும் எல்லோருக்கும் பொது. காலம் எந்தப் பக்கம் திரும்பினாலும் தாங்குகிற கப்பல்! ராட்டர்டாம் நகரில் இப்போது அது ஹோட்டலாக நிற்கிறது.

அதற்குப்பின் சில பத்தாண்டுகள் கப்பல்களில் சமத்துவம் வந்தது. உல்லாசக் கப்பல்களில் பெரும்பாலானவை ஒரே வகுப்பு என்று விளம்பரம் செய்தன. அறைகள் பெரிதும் சிறிதுமாக இருக்கலாம். சாப்பாட்டுக் கூடமும் நீச்சல் குளமும் எல்லோருக்கும் ஒன்று. பழைய கியூனார்ட் கம்பெனி மட்டும் அறைக்குத் தகுந்த சாப்பாட்டுக் கூடம் என்ற வழக்கத்தை விடவில்லை.

மறுபடியும் சுவர் எழும்பியது இந்த நூற்றாண்டில். கப்பல்கள் பிரம்மாண்டமாயின, ஐயாயிரம் பேர், ஆறாயிரம் பேர். காலையில் அத்தனை பேரையும் இறக்கி, மாலைக்குள் அடுத்த அத்தனை பேரை ஏற்றி, அன்றைக்கே புறப்படவேண்டும். ஆகவே வரிசை நீண்டது. வரிசை நீண்டதும், வரிசையில் நிற்காமலிருப்பது ஒரு சரக்காகிவிட்டது. 2008-ல் எம்.எஸ்.சி. கம்பெனி தன் 'ஃபான்டாஸியா' கப்பலில் 'யாட் கிளப்' என்று தனி வட்டாரம் ஏற்படுத்திற்று. நார்வீஜியன் கம்பெனி அதேபோல் 'ஹேவன்' என்று ஒன்று வைத்திருக்கிறது. தனிக் குளம், தனிச் சாப்பாடு. அட்டையைக் காட்டினால் திறக்கிற கதவு. அங்கே தங்குகிறவர், கீழே வேறு அறையில் இருக்கும் தம் பிள்ளையைக்கூட விருந்தாளியாக அழைத்துப் போக முடியாது என்பது பொதுவான விதி. கப்பல் ஏறும் முன்னுரிமையும் பெரும்பாலும் அப்படியே. அடிக்கடி வரும் வாடிக்கைக்காரர்களுக்குக் கொடுக்கும் சலுகையானாலும் அதே அறையில் இருப்பவரோடு நின்றுவிடும். வாசலில் நிற்பவர் இளகிய மனத்தோடு எல்லோரையும் விட்டுவிடுவதும் உண்டு. அது அவருடைய தயவு, பிரயாணியின் உரிமை அல்ல.

கம்பெனிக்காரர் தரப்பிலும் நியாயம் இல்லாமல் போகவில்லை. ஓர் அறைக்குப் பெரிய விலை கொடுத்து, அதன் பேரில் பத்து உறவினர்கள் முன்வாசலால் நுழைந்தால் முன்வாசலே வரிசையாகிவிடும். நம் கலியாண வீடுகளில் முதல் பந்தி படும் பாட்டைக் கண்டவர்களுக்கு இதை விளக்கவேண்டியதில்லை. அவர்கள் விற்பது வெற்றிடம். அதில் ஆட்களை நிரப்பினால் சரக்குக் கெட்டுவிடும். இதையெல்லாம் அறிவு ஒப்புக்கொள்கிறது. ஆனால் எழுபத்தைந்து வயதுத் தாயையும் நாற்பத்தைந்து வயது மகனையும் கயிற்றின் இரண்டு பக்கமாக நிறுத்துகிறபோது, வெள்ளைச் சட்டைக்காரனின் 'போ, போ' கொஞ்சம் இனிமையான குரலில் கேட்கிறது என்பதைத் தவிர வேறென்ன வித்தியாசம் என்று எனக்குத் தெரியவில்லை.

அன்றைக்கு அம்மா அந்தப் பெண்ணின் முகத்தைச் சிறிது நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் சொன்ன இங்கிலீஷ் அம்மாவுக்குப் புரிந்ததா என்று தெரியாது. தம்பியின் கையிலிருந்து தன் சீட்டை வாங்கிக்கொண்டாள்.

"நீ குழந்தையையும் அவளையும் அழைச்சுண்டு மேலே போ. நான் பெரியவனோட வரேன்."

"அம்மா, அது ஒரு மணி நேரம் ஆகும். உன் முழங்கால் என்ன ஆகும்?" என்றான் தம்பி.

"ஆகட்டும், நீ போ."

அவன் என்னைப் பார்த்தான். நான்தான் அவளைத் தடுத்திருக்கவேண்டும். வலுவாக இரண்டு தடவை சொல்லியிருந்தால் கேட்டிருப்பாள். நான் ஒரே ஒரு தடவை, அதுவும் மெதுவாகச் சொன்னேன். அவள் என் பக்கம் வந்து நிற்பது எனக்கு உள்ளூரப் பிடித்திருந்தது. ஐம்பது நிமிஷம் அந்த வரிசையில் அவள் கால் மாற்றிக் கால் மாற்றி நின்றதைப் பார்த்தபோது அந்தச் சந்தோஷத்துக்காக வெட்கப்பட்டேன். நடுவில் என் பெரிய பெண் எங்கள் பெட்டியைக் கீழே படுக்கவைத்து, "பாட்டி, இதுமேலே உட்காரு" என்றாள். வரிசை நகர நகரப் பெட்டியையும் பாட்டியையும் சேர்த்தே தள்ளிக்கொண்டு போனார்கள் என் குழந்தைகள். முன்னால் நின்ற சீனக் கிழவர் ஒருவர் அதைப் பார்த்துச் சிரித்துவிட்டு, எங்களுக்கு வழிவிட்டார்.

பாதி வரிசை போயிருக்கும். தம்பி போன் செய்தான். அம்மா காதில் வைத்துக்கொண்டாள். மேலே அறை மிகப் பிரமாதமாக இருக்கிறதென்றும், மேஜைமேல் தட்டு நிறையப் பழம் வைத்திருக்கிறார்களென்றும் சொன்னான் போலிருக்கிறது.

"சரி, சரி. ஒரு துணியிலே சுத்தி எடுத்து வை. இதுகளுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கணும்" என்றாள் அம்மா.